இன்னாசித்தம்பியின் பில்லில் ஒரு சுழி

சண்முகநாதன் மாட்டிவிட்டான் என்று தெரிந்த அந்த நிமிடமே கேதீஸ்வரிக்கு அகோரப் பசி எடுத்தது. எத்தனையோ வருடமாக அவளுக்கு இப்படிப் பசித்ததில்லை.

குருநகர்க் கடற்கரையை ஒட்டிய இன்னாசித்தம்பியின் கயிற்றுக் கடைக்குள் அவள் நின்றுகொண்டிருந்தாள். துப்பறியும் தொழிலில் அவளுக்கு ஒரே உதவியாளனான றோய், கடை வாசலில் சுருட்டி வைத்திருந்த வலையின்மேல் குந்திக்கொண்டு அதைக் கதிரையாக்கிவிட்டான். இன்னாசித்தம்பி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, அவள் நீட்டிய போனில் தெரிந்த பில்லின் படத்தை உற்றுப் பார்த்தார்.

"நைலோன் கயிறு, தறப்பாள். கடைப்பேரும் என்ரைதான் எழுதியிருக்கு. ஆனா பிள்ளை, உதிலை உச்சியிலை என்ன கிடக்குது?"

உச்சியில் கிடந்தது ஒரு பிள்ளையார் சுழி. நீல மையில், நல்ல வடிவாக வளைத்துப் போட்டிருந்தது.

"நீங்கள் போடேல்லையோ, ஐயா?"

"எனக்கு உங்கடை பிள்ளையாரோடை ஒரு கோவமும் இல்லை, பிள்ளை. அவர் தன்ரை பாடு, நான் என்ரை பாடு. ஆனா என்ரை பில்லிலை நான் போடுறது இது." தன் பில் புத்தகத்தை விரித்துக் காட்டினார். ஒவ்வொரு தாளின் தலையிலும் குட்டியாக ஒரு சிலுவை இருந்தது. "இந்தப் புத்தகம் எந்தக் கடையிலையும் விக்குது. என்ரை பேரை எந்த நாயும் எழுதலாம். எழுதினது ஆரோ சைவக்காரன். கை பழக்கத்திலை சுழியைப் போட்டிட்டான்."

"அப்ப இன்னாசியப்பு மதம் மாறேல்லை. பில்தான் மாறியிருக்கு," என்றான் றோய்.

"உவனை வலையாலை எழும்பச் சொல்லு, பிள்ளை. கிழிஞ்சா ஆர் தைக்கிறது?"

கேதீஸ்வரிக்கு அந்தப் பகிடி ஒன்றும் காதில் விழவில்லை. அவள் மனதுக்குள் ஒரே ஒரு பெயர்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

விசயம் இதுதான். அவளிடம் வழக்கைக் கொண்டுவந்தவள் றோஸ். புருசன் பிலிப்பு நெஞ்சுநோவில் போனபிறகு, பந்தலும் கதிரையும் வாடகைக்கு விடுகிற தொழிலைத் தனியாகத் தூக்கி நிறுத்திய மனுசி. கல்யாணவீடு, செத்தவீடு, கோயில் திருவிழா, பெருநாள் எல்லாவற்றுக்கும் அவளுடைய லொறிதான் போகும். வருகிற வருமானத்தில் தொழிலுக்குச் செலவழித்ததைக் கழித்து மிச்சத்துக்குத்தான் வரி. அந்தச் செலவுகளைப் பதிய அவள் போனில் ஒரு அப் வைத்திருந்தாள். பில்லைப் படம் பிடித்தால் போதும். அது தானாகவே ஓரங்களை வெட்டி, திகதியைப் பார்த்து, டீசலா கயிறா கூலியா என்று இனம் பிரித்து அடுக்கிவிடும்.

அந்த அடுக்குக்குள் யாரோ ஒரு பிடி கள்ளப் பில்களைச் செருகியிருந்தார்கள். செருகியது போதாதென்று, "இந்த மனுசி பொய்ச் செலவு காட்டி அரசாங்கத்தை ஏய்க்கிறாள்" என்று வரிக் கந்தோருக்கு மொட்டைக் கடிதமும் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை வந்து விளக்கம் சொல்லச் சொல்லி றோஸுக்கு அழைப்பு வந்துவிட்டது. விளக்கம் இல்லாவிட்டால் தண்டம். அதைவிடப் பெரிது, பேர் போகும். பேர் போனால் எந்த மாதாகோயில் பங்கும் எந்தக் கோயில் சபையும் அவளிடம் ஒரு கதிரைகூட எடுக்காது.

அந்த அப்புக்கான கடவுச்சொல் மூன்று பேரிடம்தான் இருந்தது. றோஸ், லொறி ஓடுகிற அவளுடைய கொழுந்தன் சுரேஸ், அப்பைப் போட்டுக் கொடுத்துக் கணக்குப் பார்க்கிற சண்முகநாதன்.

"றோஸ் அக்கா தன்ரை தலையிலை தானே மண் அள்ளிப் போடமாட்டா," என்று றோய் விரல் மடக்கினான். "சுரேஸ் ஞாயிறு தவறாமல் மாதாகோயிலிலை பூசை காணுற ஆள். அவனுக்குச் சுழி எந்தப் பக்கம் வளையும் எண்டே தெரியாது. மிச்சம்…"

"மிச்சத்தை நான் சொல்லுறன். வா, சாப்பிடுவம்."

தேத்தண்ணிக் கடையில் அவள் இரண்டு றோல்ஸ் சாப்பிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டியதைப் பார்த்து றோய் பயந்துபோனான்.

"அக்கா, ஆரையாவது பழிவாங்கப் போறியளோ? இல்லை, வயித்துப் பூச்சிக்குக் குளிசை போடவேணுமோ?"

"ஒன்பது வருசம் அந்தாளின்ரை கந்தோரிலை வேலை செய்தனான், றோய். ஒருநாள் மேசை லாச்சியிலை காசைக் காணேல்லை. நான்தான் எடுத்தனான் எண்டு வணிகர் சங்கக் கூட்டத்திலை எழும்பி நிண்டு சொன்னவர். 'கள்ளி' எண்டே சொன்னவர். அதுக்குப் பிறகு இந்தப் பட்டினத்திலை ஒருத்தரும் எனக்கு வேலை தரேல்லை. பேசி முடிச்ச கலியாணமும் குழம்பிப் போச்சு."

"காசு?"

"லாச்சிக்குப் பின்னாலை விழுந்து கிடந்தது. அடுத்த மாதமே அவரே கண்டு எடுத்தவர். தேத்தண்ணி ஊத்துற மனுசி கண்ணாலை கண்டு எனக்கு வந்து சொன்னது. அவர் மட்டும் இண்டைவரைக்கும் வாய் திறக்கேல்லை."

றோய் ஒரு பகிடி விட வாயைத் திறந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு அது லேசான காரியமில்லை.

சண்முகநாதனின் சுழி அவளுக்கு நன்றாகத் தெரியும். பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தில் ஒரு போன் நம்பரைக் குறித்தாலும் மேலே ஒரு சுழியைப் போட்டுவிட்டுத்தான் குறிப்பான். அந்தச் சுழி இன்றைக்கு அவன் கழுத்தில் கயிறாக விழுந்துவிட்டது. அதுவும் இன்னாசித்தம்பி கடைக் கயிறு.

அவள் போனை எடுத்து வணிகர் சங்கத்தின் வைபர் குழுவைத் திறந்தாள். சண்முகநாதன் ஆறு வருடமாகத் தலைவராக இருக்கிற, தன் துப்பறியும் தொழிலுக்காக அவளும் சேர்ந்திருந்த குழு. அவன் வாயால் 'கள்ளி' என்று கேட்ட அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். 'உங்கள் தலைவர் தன் வாடிக்கையாளரின் கணக்கில் கள்ளப் பில் செருகிய கள்ளன்' என்று தொடங்கி ஆற அமர எழுதினாள். எழுதிவிட்டு அனுப்பவில்லை. முதலில் அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். அதைப் பார்க்காமல் அனுப்பினால் ருசி இராது.

"இந்த றோல்ஸை விசாரணைச் செலவெண்டு எங்கடை அப்பிலை போடட்டோ?" என்று றோய் பில்லைப் படம் பிடித்தான்.

"போடு. ஆனா போன கிழமைப் பில்லை நான் தள்ளிப்போட்டன்."

"ஏனக்கா? சாட்சியோடை தேத்தண்ணி குடிச்ச செலவெல்லோ!"

"அப் ஓரத்தை வெட்டித்தான் காட்டும், தம்பி. வெட்டினதை எறியாது. முழுப்படத்தைத் திறந்து பாத்தனான். சாட்சியின்ரை கை நிறைய மருதாணி."

றோய் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பினான்.

சண்முகநாதனின் கந்தோர் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம், மாடியில். அவர்கள் படி ஏறுமுன்பே றோஸ் வந்துவிட்டிருந்தாள். கீழே வீதியோரம் லொறியை நிறுத்திவிட்டு, சுரேஸ் கதவில் சாய்ந்தபடி போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆளைச் சொல்லுங்கோ, அக்கா," என்றாள் றோஸ். "பிலிப்பு வெயிலிலை காய்ஞ்சு உழைச்ச தொழில் இது. ஆரெண்டு மட்டும் சொல்லுங்கோ. மாதாவாணை நான் விடமாட்டன்."

"மேலே வாங்கோ, சொல்லுறன்."

சண்முகநாதன் அவளைக் கண்டதும் எழும்பவில்லை. வயது ஏறியிருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"கேதீஸ்வரியோ? லாச்சியெல்லாம் பூட்டித்தான் கிடக்கு."

"பூட்டித் திறக்கிற நேரமெல்லாம் போயிட்டுது, சேர்." அவள் போனை மேசையில் வைத்தாள். "றோஸின்ரை கணக்குக்குள்ளை கள்ளப் பில் செருகின ஆள் ஒரு சைவக்காரன். குருநகர் இன்னாசித்தம்பியின்ரை பில்லிலையும் சுழி போட்டிருக்கிறார். இந்த அப்பைத் திறக்கக்கூடிய சைவக்காரர் உலகத்திலை ஒரே ஒருத்தர்தான்."

சண்முகநாதன் படத்தைப் பார்த்தான். "நான்… நான் செய்யேல்லை. சத்தியமாச் செய்யேல்லை."

"நானும் அப்பிடித்தான் சொன்னனான். சங்கக் கூட்டத்திலை. உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

ஐயோ, அந்த வசனத்தைச் சொல்ல அவள் எத்தனை இரவு கண் முழித்திருப்பாள்! றோஸ் மேசையில் ஓங்கிக் குத்தினாள். "விதவைப் பொம்பிளைதானே எண்டு நினைச்சீரோ?" சண்முகநாதன் கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், திரும்பப் போட மறந்தான்.

அவனைச் சும்மா விட அவளுக்கு மனமில்லை. ஒவ்வொரு பில்லாகக் காட்டித் தாளிக்கவேண்டும். "சுன்னாகத்திலை தகரம்," என்று விரலால் தள்ளினாள். "பருத்தித்துறையிலை டீசல். கொடிகாமத்திலை மேலதிகக் கதிரை வாடகை…"

விரல் நின்றுவிட்டது.

கொடிகாமத்துச் சைவக்காரர் ஒருவரின் பெயரில் எழுதிய கதிரை வாடகைப் பில் அது. கீழே விபரத்தில் 'செத்தவீட்டுக்கு' என்று எழுதியிருந்தது. மேலே, நீல மையில், வடிவாக வளைத்துப் போட்ட அதே சுழி.

இதை அவள் காலையிலேயே பார்த்தாள். பார்த்தும் பார்க்கவில்லை.

கந்தோரில் சேர்ந்த புதிதில் ஒரு செத்தவீட்டுச் செலவுக் கணக்குக்கு அவள் பழக்கதோசத்தில் சுழி போட்டுவிட்டாள். சண்முகநாதன் அந்தத் தாளைக் கிழித்து அவள் முன்னாலேயே எறிந்தான். 'செத்தவீட்டுக் கணக்குக்கு ஆரடி சுழி போடுறது? சைவவீட்டிலைதானே பிறந்தனீ?' அன்றைக்கு அவள் தேத்தண்ணி ஊத்துகிற குசினிக்குள் போய் நின்று அழுதாள். மங்கலத்துக்குத்தான் சுழி, சாவுக்கு இல்லை. எந்தச் சைவக்காரனும் போடமாட்டான். சண்முகநாதன் செத்தாலும் போடமாட்டான்.

சண்முகநாதனுக்கோ கண்ணாடியும் இல்லை, நிதானமும் இல்லை. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாமான் தன் மூக்குக்கு முன்னால் கிடப்பது அவனுக்குத் தெரியவில்லை. றோஸுக்கு அந்த வழக்கமே தெரியாது. அந்தச் சுழி அறைக்குள் அவளைத் தவிர வேறு யார் கண்ணிலும் படவில்லை.

அவள் போனைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். றோய் பின்னாலேயே வந்தான்.

"என்னக்கா, பேயைக் கண்டமாதிரி நிக்கிறியள்?"

சொன்னாள். றோய் தலையைச் சொறிந்தான்.

"அப்ப சுழி போட்டவன் சைவக்காரனே இல்லை. சைவக்காரன்ரை தலையிலை கட்டிறதுக்காகப் போட்டிருக்கிறான். இன்னாசியப்புவின்ரை பில்லிலை போட்டதும் கை பழக்கம் இல்லை, வேணுமெண்டே போட்டது." குரலைத் தணித்தான். "ஆனா அக்கா, ஒருத்தரும் பாக்கேல்லைத்தானே? நீங்கள் எழுதினது போனிலை ரெடியாக் கிடக்கு. அமத்தினாச் சரி."

அவளுடைய பெருவிரல் அனுப்பும் குறிக்கு மேலேதான் இருந்தது. அமத்த ஆசையாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது, நெஞ்சு வெடிக்கிற அளவுக்கு ஆசையாக இருந்தது.

"அமத்தினா உண்மையான கள்ளன் சிரிச்சுக்கொண்டு திரிவான். திங்கட்கிழமை றோஸ் நாசமாப் போவாள்," என்றாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "எடுக்காத ஒருத்தரைக் கள்ளன் எண்டு ஊருக்குச் சொன்னா, எனக்கும் உவருக்கும் என்னடா வித்தியாசம்? எனக்கு உவரை எரிக்கவேணும், றோய். ஆனா உவர் செய்ததுக்கு எரிக்கவேணும். செய்யாததுக்கு இல்லை."

"அப்ப போனைத் தாங்கோ." றோய் செத்தவீட்டுப் பில்லைத் திறந்தான். "என்ரை தேத்தண்ணிப் பில்லுக்கு முழுப்படம் பாத்த கண், உவரின்ரை பில்லுக்குப் பாக்கேல்லையே அக்கா. அவ்வளவு அவசரம்."

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். ஆள் கிடைத்துவிட்டான் என்ற சந்தோசத்தில் தேடுவதையே நிறுத்திவிட்டாள்.

றோய் முழுப்படத்தை அமத்தினான். வெட்டப்பட்ட ஓரங்கள் திரும்ப வந்தன. பில், வெடிப்பு விழுந்த ஒரு கறுப்பு டாஷ்போட்டின்மேல் கிடந்தது. மூலையில் ஒரு சின்ன அந்தோனியார் சுரூபம். ஒரு கை உடைந்திருந்தது.

"றோஸ், இஞ்சை ஒருக்கா வாங்கோ."

றோஸ் வந்து பார்த்தாள்.

"பிலிப்பு லொறியிலை வைச்ச சுரூபம். கையை உடைச்சது என்ரை மகள்," என்றாள். உடனே படியால் இறங்கத் தொடங்கினாள்.

சுரேஸ் பாட்டை நிறுத்திவிட்டு, "முடிஞ்சுதோ அண்ணி? அந்தாள்தானோ?" என்று ஆவலாகக் கேட்டான்.

கேதீஸ்வரி றோஸை முந்திக்கொண்டாள். "சுரேஸ், எல்லாம் வடிவாத்தான் செய்திருக்கிறீர். ஆனா செத்தவீட்டுப் பில்லுக்குச் சுழி போடக்கூடாது எண்டு உமக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ?"

"இல்லை, அவையள் எல்லாத்துக்கும் போடுறவை எண்டுதான் நான்…"

வாய் பாதியில் நின்றது. றோய் மெதுவாகக் கை தட்டினான்.

"அண்ணி, கேளுங்கோ. அண்ணையின்ரை தொழில் இது. நான் லொறி ஓட, நீங்கள் முதலாளியா இருக்க… உங்களுக்குப் பயம் பிடிச்சா என்னட்டைத் தருவியள் எண்டுதான்…"

"திறப்பைத் தா."

"அண்ணி…"

"லொறித் திறப்பைத் தா. செருப்பாலை அடிச்சிருப்பன், என்ரை செருப்புப் பழுதாப் போயிடும்." சாவியைப் பிடுங்கி எடுத்தாள். லொறிக்குள் ஏறி, சுரூபத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். "திங்கட்கிழமை நீ என்னோடை வரிக் கந்தோருக்கு வாறாய். பில் எழுதின அந்தக் கையாலையே அங்கை உண்மையை எழுதிக் குடுக்கிறாய். அதுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோயில் முற்றத்திலை, அண்ணையின்ரை சிநேகிதர் எல்லாரும் நிக்கேக்கை வாயாலை சொல்லுறாய். ஒரு சொல்லைக் குறைச்சியோ, பொலிசிலை நிப்பாய். இப்ப நட. வீட்டை நடந்து போ."

சுரேஸ் நடந்தான். றோஸ் கதவை அடித்துச் சாத்தினாள். அவளுக்கு லொறி ஓடத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் கேதீஸ்வரிக்குத் தெரியவந்தது.

திரும்பவும் மாடி. சண்முகநாதன் யன்னலால் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். இந்தமுறை எழும்பி நின்றான்.

"கேதீஸ்… பெரிய உதவி. நான் உனக்கு என்ன…"

"இருங்கோ, சேர். முதல் இதை வாசியுங்கோ." அனுப்பாமல் வைத்திருந்ததை அவன் முன்னால் வைத்தாள்.

இந்தமுறை கண்ணாடி போட்டு வாசித்தான்.

"விறாந்தையிலை பெருவிரலை உதின்ரை மேலே வைச்சுக்கொண்டு நிண்டனான். அமத்தியிருந்தா இப்ப பட்டினம் முழுக்க நீங்கள் கள்ளன். செத்தவீட்டுப் பில்லிலை சுழி கிடந்ததை என்னைத் தவிர ஒருத்தரும் காணேல்லை. நீங்களும் காணேல்லை. ஏன் அமத்தேல்லை தெரியுமோ? நீங்கள் எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்." அவள் குரல் ஏறவில்லை. "நான் எடுக்கேல்லை எண்டு உங்களுக்கும் தெரியும். அடுத்த மாதமே தெரியும். அதுக்குப் பிறகும் பேசாமல் இருந்தனீங்கள்."

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது.

அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் முன்னால் தள்ளினாள். பேனையைத் திறந்து அதன்மேல் வைத்தாள். என்ன எழுதவேண்டும் என்று சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அவன் எழுதினான். காணாமல்போன காசு தன் லாச்சிக்குப் பின்னால் இருந்ததை எழுதினான். கேதீஸ்வரி அதைத் தொடவில்லை என்பதை எழுதினான். தெரிந்தும் சங்கத்துக்குச் சொல்லாமல் விட்டதை எழுதும்போது பேனை இரண்டு தரம் நின்று நின்று போனது. கடைசியில் கையெழுத்து வைத்து, தாளை அவள் பக்கம் திருப்பினான்.

அவள் வாசித்தாள். பிறகு தாளின் உச்சியைப் பார்த்தாள். அங்கே வெறுமையாக இருந்தது. பஸ் ரிக்கற்றுக்கும் சுழி போடுகிற மனிதன்.

"சுழி போட மறந்திட்டியள், சேர்."

சண்முகநாதன் பேனையை மூடி வைத்தான்.

"மறக்கேல்லை," என்றான்.

கேதீஸ்வரி தாளை மேசையில் நேராக வைத்துப் போனால் படம் பிடித்தாள். காலையில் எழுதியதை முழுக்க அழித்தாள். அந்த இடத்தில் படத்தை மட்டும் போட்டு, இவ்வளவு நேரமும் காத்திருந்த பெருவிரலால் ஆறுதலாக அமத்தினாள்.